பையை எங்கே வைப்பது?

“தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்னு நீங்க சொல்ல வேணாம். அதான் போட்டோவுலயே தெரியுதே. பைய எங்க வெக்கிறது, அதச் சொல்லுங்க.”

உதட்டோரத்தில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே கார்குழலி போனில் பேசுகிறாள். மடியில் பாதி தைத்த ஜாக்கெட். மறுமுனையில், அந்தமானில் சுற்றுலா ஏற்பாடு செய்து தரும் பையன். அவன் விட்டபாடில்லை. மணல் பால் போல வெள்ளையாக இருக்கும் மேடம் என்று மறுபடியும் ஆரம்பிக்கிறான்.

“வெள்ள மணல வெச்சி நான் இன்னா கோலமா போடப் போறேன்? லாக்கர் இருக்கா? பொம்பளைங்க துணி மாத்த கதவு வெச்ச ரூம் இருக்கா? தார்ப்பாய் கட்டி மறைச்சதெல்லாம் ரூம் இல்ல தம்பி. இருந்தா இருக்குனு சொல்லுங்க, இல்லாட்டி இல்லனு சொல்லுங்க.”

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அவன் தப்பித்துக்கொள்கிறான். தீவைச் சுற்றி இத்தனை கடற்கரையை வைத்துக்கொண்டு இந்த ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை. கார்குழலி போனைத் துணிக்குவியல் மேல் எறிந்துவிட்டு மிஷினை மிதிக்கிறாள்.

நெல்லித்தோப்பில் பெண்களுக்கான தையல்கடை அவளுடையது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் மிஷின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அளவு ஜாக்கெட்டோடு வந்தவர்கள் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வரலாம் என்று திரும்பிப் போவதுண்டு. ஆனால் கோபத்தில் அவள் தைத்தது எதுவும் இதுவரை பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததில்லை. கல்யாணப் பெண்ணோடு வருகிற மாமியார், ஜாக்கெட்டின் கை நீளம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னால், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெண்ணைப் பார்த்துக் கேட்பாள்: “போட்டுக்கப் போறது நீயா, அவங்களா?” இப்படிப் பேசியே சில வாடிக்கைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. போனால் போகட்டும் என்பாள்.

இப்போதைய கோபம் அந்தமானைப் பற்றியது. கணவன் வெற்றிவேல் அரசு அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறைப் பயணச் சலுகையில் அவனும் அவளும் போகிறார்கள். கூடவே அவனுடைய அண்ணன் சக்கரபாணியும் அண்ணி தனக்கொடியும். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. எந்தெந்தக் கடற்கரைக்குப் போவது என்பதுதான் பாக்கி. கார்குழலிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடலில் இறங்க வேண்டும். இடுப்பளவுக்கு, தலை நனைய, ஆசை தீர.

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கா கடல் கிடைக்கவில்லை என்று கேட்கலாம். கடல் கிடைத்தது, இறங்கத்தான் விடவில்லை. போன வருஷம் இந்த நாலு பேரும் உறவுக்காரர்களோடு நோணாங்குப்பத்தில் படகேறி பாரடைஸ் பீச்சுக்குப் போனார்கள். கரையில் கால் வைத்ததும் ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள். போன், பர்ஸ், வண்டிச் சாவி எல்லாம் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன. பார்த்துக்கொள்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘இந்தா’ என்ற சொல்கூடப் பாதிப் பேருக்கு வாயில் வரவில்லை. அவளும் தனக்கொடியும் பாய் விரித்து, பைகளுக்குக் காவலாக, கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கும்மாளம் போட்டுவிட்டு வந்த ஆண்கள், துண்டு எங்கே என்று கேட்டார்கள். திரும்பி வரும் படகில் தனக்கொடி மெல்ல, “நல்லா இருந்துச்சில்ல குழலி?” என்றாள்.

“இன்னாக்கா நல்லா இருந்துச்சு? பையா?”

தனக்கொடி குனிந்து காலடியிலிருந்த பைகளை எண்ணத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து எந்தக் கடற்கரைப் படத்தைப் பார்த்தாலும் அவள் கண் கடலுக்குப் போவதில்லை, ஓரத்துக்குப் போகிறது. விரலால் படத்தைப் பெரிதாக்கி மரத்தடியில் தேடுவாள், குடையடியில் தேடுவாள். எந்தத் தீவானாலும் சரி, தண்ணீர் எவ்வளவு நீலமானாலும் சரி, செருப்புகளையும் பைகளையும் சுற்றி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். “தோ இருக்கா பாருங்க,” என்று கடைக்கு வந்தவர்களிடம் போனை நீட்டுவாள். “எந்த ஊருக்காரியோ. இவளுக்கும் சேத்துதான் டிக்கெட்டு போட்டிருப்பாங்க.” ஊர் உலகமெல்லாம் நட்சத்திரம் போட்டுப் புகழும் கடற்கரைகளை அவள் ஒதுக்கித் தள்ளினாள். லாக்கரும் கதவு வைத்த அறையும் உண்டு என்று போய்வந்த பெண்கள் எழுதியிருந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தாள். தேறியவை மூன்று. அழகில் அவை சுமார்தான். இருக்கட்டுமே, அழகை யார் கேட்டது?

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்தில் சக்கரபாணி வீட்டில் கூடிப் பேசினார்கள். சக்கரபாணி மனைத் தரகர். போனிலிருந்த படங்களை டிவியில் போட்டு, மனை காட்டுகிற அதே தோரணையில் கடற்கரை காட்டினார். “இது பாரு. காடு, மணலு, கடலு. கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு கட்டடம் கெடையாது.”

“கட்டடம் இல்லன்னா துணி எங்க மாமா மாத்துறது?”

“நீங்க எதுக்கும்மா மாத்தணும்? நெழலா உக்காந்து பாருங்க. கால நனைங்க. போட்டோ எடுத்துக்கலாம்.”

கார்குழலி தன்னுடைய மூன்று கடற்கரைகளின் பெயரையும் சொன்னாள். சாமான்களைப் பூட்டி வைக்க இடமிருக்கிறது, நாலு பேரும் ஒன்றாக இறங்கலாம் என்றாள். அப்போதுதான் வெற்றிவேல் வாயைத் திறந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பெண்டாட்டியைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, “நீ இருக்கும்போது லாக்கர் எதுக்கு குழலி?” என்றான்.

சக்கரபாணி தொடையில் தட்டிச் சிரித்தார்.

“ஓகோ,” என்றாள் கார்குழலி. “இத்தினி வருஷமா லாக்கரு கூடத்தான் குடும்பம் நடத்துனீங்களா? அப்போ ஒண்ணு பண்ணுங்க. நல்ல இரும்புப் பொட்டியா ஒண்ணு வாங்கி ப்ளைட்டுல ஏத்துங்க. எனக்குப் போட்ட சீட்டுல அது குந்திக்கும். நான் வரல.”

சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டாள். கரண்டியும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்த தனக்கொடி, கேட்டருகில் குரலைத் தாழ்த்தி, “எனக்குந்தாண்டி எறங்கணும்னு ஆச,” என்றாள். கார்குழலிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். “அத எங்கிட்ட வந்து ஏன்கா சொல்ற? உள்ள போய்ச் சொல்லு,” என்று செருப்பை மாட்டினாள்.

அதன் பிறகு வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் எடுக்கிற சத்தமும் மட்டும்தான். வெற்றிவேல் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“இன்னா இப்ப, உனக்குக் கடல்ல எறங்கணும், அவ்ளோதானே? வா, வீராம்பட்டினத்துல போய் எறங்கிடு. நான் கரையில நின்னு பைய பாத்துக்கிறேன். இங்கயே ஆச தீந்துடுச்சின்னா, அங்க வந்து அண்ணன்கிட்ட இந்த ரகள வேணாம் பாரு.”

என்ன பேரம் பாருங்கள்! வீட்டுப் பக்கத்துக் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, தீவுக்குப் போய் அவள் பழையபடி பைக்குக் காவல் இருக்க வேண்டுமாம். இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவனுக்கோ அது துணிச்சல் என்றே தெரியவில்லை. பெரிய மனது பண்ணுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அன்று கடையில் மிஷின் சத்தம்கூடக் கேட்கவில்லை. கார்குழலி மிஷினுக்கு உறை போட்டாள். உள்ளே போய், நனைந்தால் உடம்போடு ஒட்டாத துணியாகத் தேடி எடுத்து அந்தமானுக்கென்றே தைத்து வைத்திருந்த கறுப்புச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தாள்.

வீராம்பட்டினத்துக் கரையில் படகுகளை மேலே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவள் விறுவிறுவென்று நடந்து இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். முதல் அலை தோளில் அடித்தது. அடுத்தது தலைக்கு மேல் போயிற்று. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏற, இருமிக்கொண்டே, கடலைப் பார்த்து ஏதோ திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். கடையில் யாரும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கரையில் வெற்றிவேல் அவளுடைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றான். வழியில் போன இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போனதும் பையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கால் மாற்றி நின்றான். போனை எடுத்துப் பார்த்தான். வெயில் தணிந்த வேளைதான், ஆனாலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். இப்போதுதான் இறங்கினாள், அதற்குள் பொறுக்கவில்லை அவனுக்கு.

“ஆச்சா குழலி? போதும்ல? கெளம்பலாமா?”

கார்குழலி திரும்பினாள். கரையைப் பார்த்து நடந்து வந்தாள். அவன் நிம்மதியாக அவள் பையிலிருந்த துண்டை எடுத்து உதறி நீட்டினான். அலை வந்து உடைகிற இடத்தில் அவள் நின்றாள். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அந்தத் தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.