சாம்பல் நிறப் பொத்தான்

பதிப்பகத்தில் அவளை எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் வல்லின ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தால், அது அவள் கண்ணில் வந்து விழுந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். முதல் பதினாறு வருடம் காகிதக் கட்டுகளைப் பையில் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். பிறகு எல்லாம் கணினிக்கு மாறியது. "இனிமே நீ எதுக்கு அலையணும்?" என்று கணவர் ஒரு கணினியை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்து, அவரே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். அவருக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஒயர், சுவிட்ச் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கணவரைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும் பேச்சு சுற்றிச்சுற்றி அங்கே வந்து நிற்கும்.

"நான் வாயைத் திறந்து கேக்கவே வேண்டாம். மனசுல நினைச்சா போதும், இவருக்குத் தெரிஞ்சிரும்."

முட்டி வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தவர், பையிலிருந்து முட்டிக்குப் போடும் உறை ஒன்றை எடுத்து நீட்டினார். ஜன்னலுக்கு இலைக்கரை போட்ட பச்சைத் திரைச்சீலை இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். சனிக்கிழமை அதே இலைக்கரையோடு துணி வீட்டுக்கு வந்தது. அவள் தங்கை இதைக் கேட்டு வயிற்றெரிச்சல் பட்டிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரருக்குச் சீட்டுல எழுதிக் கொடுத்தாலும் பாதி சாமானை மறந்துட்டுத்தான் வருவாரு. அத்தானை ஒரு வாரம் எங்களுக்கு வாடகைக்கு விடேன்க்கா."

அப்போதெல்லாம் கணவர் பக்கத்தில் நின்று, புதுமாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெய்ப்புப் பார்க்கப் பதிப்பகத்தார் புதிதாகத் தொடங்கியிருந்த இணையப் பக்கம் அவள் கணினியில் நகர மறுத்தது. ஒரு காற்புள்ளி வைத்தால் அது திரையில் தெரிவதற்குள் காபி ஆறிவிடும். அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு போன் போட்டாள். அந்தப் பெண் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா இது, பிரவுசர் மேல பட்டன் கடையே போட்டு வெச்சிருக்கீங்க! முகவரி அடிக்கவே இடம் இல்லையே."

"அதெல்லாம் அது பாட்டுக்கு வந்து உக்காந்துக்கிச்சும்மா. நான் எதையும் கூப்பிடல."

"அதான் பக்கம் இழுத்துக்கிட்டே நிக்குது. ஒவ்வொண்ணு மேலயும் வலது கிளிக் பண்ணுங்க, 'நீக்கு'ன்னு வரும். எது என்னன்னு தெரியலையோ, அதை யோசிக்காமத் தூக்கிருங்க."

எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது பொத்தான்கள். மற்ற விஷயங்களில் அவள் வீடு துடைத்து வைத்தது போலிருக்கும். இந்த ஒரு வரிசை மட்டும் எப்படி இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தாள். மூன்று வருடமாக ஒரே மேகத்தைக் காட்டிக்கொண்டிருந்த வானிலைப் பொத்தான் போனது. பழைய எழுத்துருவைப் புதியதாக மாற்றும் பொத்தான் போனது. ஜலதோஷம் பிடித்தவர் படிப்பது போல எல்லாவற்றையும் மூக்கால் வாசித்துக் காட்டும் ஒன்று இருந்தது. அதைச் சிரித்துக்கொண்டே தூக்கினாள். முகவரிக் கட்டம் விரிந்துகொண்டே வந்தது. பக்கமும் வேகம் பிடித்தது. இதற்குள் இத்தனை சுகமா என்று தோன்றியது.

கடைசிக்கு முந்தியதாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. பெயர் இல்லை. அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. 'நீக்கு' என்பதை அழுத்தினாள். மற்றவை போல அது உடனே போகவில்லை. ஒரு கட்டம் திறந்தது.

'இதை நீக்கினால் கீழ்க்கண்ட முகவரிக்கு மணிக்கொரு முறை செல்லும் அறிக்கை நின்றுவிடும். நீக்கலாமா?'

கீழே இருந்தது கணவரின் மின்னஞ்சல் முகவரி. பெயருக்குப் பின்னால் பிறந்த வருடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஞாபகம் இருக்கும் என்று அவருக்கு அந்த முகவரியைத் தொடங்கிக் கொடுத்ததே அவள்தான்.

பழக்கதோஷத்தில் அந்த வாக்கியத்தை இரண்டாம் முறை படித்தாள். அதில் பிழை எதுவும் இல்லை. நீக்காமல், பக்கத்தில் இருந்த 'அறிக்கைகளைக் காண்க' என்பதை அழுத்தினாள்.

ஆறு வருடம். தேதி வாரியாக, மணி வாரியாக. கணினி வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து அவள் தேடிய சொற்கள், திறந்த பக்கங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. 'முட்டி வலி எதனால் வருகிறது', காலை பதினொன்று இருபது. அன்று மாலைதான் உறை வந்தது. 'பச்சைத் திரைச்சீலை இலைக்கரை', வியாழக்கிழமை.

இன்னும் கீழே போனாள். அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம், 'அம்மா போன பிறகு தூக்கம் வரவில்லை என்ன செய்வது' என்று ஒருநாள் தட்டச்சு செய்திருந்தாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவை நினைச்சுத் தூங்காம இருக்கியா?" என்று கேட்டார். அவர் தோளில் சாய்ந்து அவள் அழுது தீர்த்தாள். அம்மாவுக்குப் பிறகு தன் மனதை அறிய உலகத்தில் இவர் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் தேடினாள். இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினாள். இருந்தது. வேறொரு நகரத்தில் அகராதி தயாரிக்கும் நிறுவனம் துணைப் பதிப்பாசிரியர் தேடிக்கொண்டிருந்தது. அவள் அந்த விளம்பரத்தை இரண்டு நாளில் நான்கு முறை திறந்திருக்கிறாள். ரயில் நேரம், பெண்கள் விடுதி எல்லாம் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் மதியம் கணவர் முகம் வெளுத்து வந்து உட்கார்ந்தார். "லிப்ட் மேல நின்னு வேலை பாக்கும்போது தலை சுத்திருச்சு. தனியா இருக்கவே பயமா இருக்கு" என்றார். அவள் விண்ணப்பத்தை மூடிவிட்டாள். தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. அந்தத் தலைசுற்றல் அதற்கப்புறம் அவருக்கு வரவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

ஒன்றரை மணிக்குக் கணவர் சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு மேசைக்கு வந்தவர், தட்டு வைக்காததைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இது என்னங்க?" என்றாள்.

"அது... கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்புக்குப் போட்டது. கண்ட கண்ட பக்கத்துல போய் மாட்டிக்கக் கூடாதில்ல."

"ஆறு வருஷமா நான் மாட்டிக்கல. தினமும் படிச்சிருக்கீங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "படிச்சு என்ன தப்பு பண்ணிட்டேன்? உனக்கு வேணுங்கிறதத்தான செஞ்சேன்? ஒரு கெடுதல் செஞ்சிருக்கேனா?"

"மனசுல நினைச்சா தெரிஞ்சிரும்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்க பக்கத்துலயே நின்னு சிரிச்சிட்டு இருந்தீங்க."

"நீ சந்தோஷமாத்தான இருந்த?"

அது உண்மைதான் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"எங்கம்மா செத்தப்ப வந்து உக்காந்தீங்களே, அதுவும் இதைப் பாத்துட்டுத்தானா?"

அவர் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"தலை சுத்தல்?"

"நீ போயிருவியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

"போகாதன்னு ஒரு வார்த்தை நேர்ல சொல்லிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனே. அதைக்கூட நடிச்சுத்தான் வாங்கணுமா?"

அன்று அவர் சாப்பிடாமலே வேலைக்குத் திரும்பினார். அவள் இரண்டு பைகளில் துணியை அடைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

தங்கை முதலில் நம்பவில்லை. "அத்தானா? நம்ம அத்தானா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மாடி அறையைத் திறந்துவிட்டாள்.

"கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு இருபத்திரண்டு வருஷமா புத்தகத்துல ஒற்றுப் பிடிச்சேன்டி. வீட்டுக்குள்ள ஒருத்தர் என்னையே ஒற்றுப் பாத்துட்டு இருந்திருக்காரு. அது தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பதிப்பகத்துக்கே போய் வேலை பார்த்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை கொடுத்தார்கள். அகராதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தாள். அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைய வேலையைப் பார்த்தாள்.

கணவர் தினமும் மதியம் போன் செய்தார். "என்ன பண்ற?" என்பார். "வேலை" என்பாள். "சாப்பிட்டியா?" என்பார். "ம்" என்பாள். முன்பும் இந்தக் கேள்விகளை அவர் கேட்டிருக்கிறார்தான். ஆனால் பதில் தெரியாமல் கேட்பது இப்போதுதான் என்று நினைக்கும்போது, போனைப் பிடித்திருந்த கை கனத்தது.

ஆறாவது வாரம் திரும்பி வந்தாள். மன்னித்துவிட்டதாகத் தங்கை நினைத்துக்கொண்டாள். அப்படி ஒன்றும் இல்லை. அது அவளுடைய வீடும்தான். இன்னொரு வீட்டு மாடியில் எத்தனை நாள் இருப்பது? கணினி சாப்பாட்டு மேசையிலேயே உறை போட்டுக் கிடந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. வேலை வேலையிடத்தோடு முடிந்தது. கணவர் அடுப்படியில் நின்று பாத்திரம் கழுவினார், சொல்லாமலே துணி மடித்தார். அவளும் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அவரைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மெத்தை விரிப்பு வாங்கக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு விரிப்புகளைப் பிரித்துப் போட்டார். கணவர் ஒன்றையும் தொடாமல் தள்ளி நின்றார்.

"உனக்கு எது பிடிச்சிருக்கு? சொல்லு" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவற்றில் ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. எது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எதுவும் பிடிக்கல. வாங்க போலாம்" என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் படி இறங்கினாள்.