ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படம்

நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு ஒரே தம்பி. அவன் இறந்துபோன பிறகு மிஞ்சியது, நூலக மாடியில் உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களோடு தொங்கிய அவனுடைய ஒரு படம்தான். தையல் மெஷின் முன்னால் நீலப் புடவையில் உட்கார்ந்திருக்கும் அக்காவையே வரைந்திருந்தான்.

"மூலையில மாட்டினா யாரு கண்ணுல சார் படும்?" என்று நூலகரிடம் மல்லுக்கு நின்று, அதை ஜன்னலுக்கு எதிரே மாட்ட வைத்தாள்.

"உன் தம்பிக்கு ராஜ மரியாதைதான் போ!" என்று சிரித்தார் அவர்.

அன்றிலிருந்து தினமும் காலையில் திரையை விலக்கி, படத்தில் வெயில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவாள்.

பல வருடங்கள் கழித்து, படங்களைச் சரிபார்க்க வந்த பெண் அதைச் சட்டத்திலிருந்து கழற்றினாள்.

"வாட்டர் கலர்க்கா இது. வெயில் மொத்தமா தின்னுடுச்சு. யாரு இங்க மாட்டச் சொன்னது?"

தினமும் பார்த்த கண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் இருந்த இடத்தில் வெறும் தாள். சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் புடவையின் நீலம் நேற்றுப் பூசியதுபோல் இருந்தது.

"நான்தாம்மா."

அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "இனிமே இதை இங்க வைக்க முடியாதுக்கா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள்.

"வெயில் படாம வைக்கணும், இல்லம்மா?" என்று கேட்டாள்.