பெட்ரோல் பாட்டிலுக்கு ஒரு காற்று ஊசி

எங்கள் தெருவில் கரண்ட் போனால் தூங்குகிற குழந்தைகள் எழுந்து அழும். பல்லடத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள். அந்தத் தடதடப்பிலேயே தூங்கிப் பழகிய குழந்தைகளுக்கு அது நின்றால் தூக்கம் கலைந்துவிடும். கரண்ட் போனதும் தறிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். போகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

எல்லாம் என் வீட்டுக்காரருக்காகத்தான். கோயமுத்தூரில் அவர் ஃபிட்டராக இருந்த மில்லை மூடிவிட்டார்கள். தொண்ணூறுகளில் அப்படி வேலை போனவர்கள் எங்கள் சொந்தத்திலேயே நிறையப் பேர். வீட்டுக்கு முன்னால் தகரம் போட்டு, மோட்டார் சைக்கிள் பட்டறை என்று போர்டு மாட்டி உட்கார்ந்தார். போர்டு ஜம்மென்று இருந்தது. வண்டிதான் வரவில்லை. வந்தவர்களும் பஞ்சர் ஒட்டுவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. தெருவில் அவருக்கு ‘நர்ஸம்மா வூட்டுக்காரர்’ என்று பெயர் விழுந்தது. அதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைத்திருந்தார். மெக்கானிக் வேலை கூட இல்லை, கட்டடத்தில் கல் மண் சுமக்கிற வேலை. திங்கட்கிழமை கோயமுத்தூர் உக்கடத்தில் இருக்கிற ஆபீசுக்குப் போய் முடிவைச் சொல்ல வேண்டும். “இங்கயே ஒரு நல்ல வேலை அமைஞ்சா நான் எதுக்கு அம்மணி போறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இவர் போய்விட்டால் நான் எப்படி இருப்பேன்?

ஆஸ்பத்திரிக்குக் காலில் புண்ணோடு வந்துகொண்டிருந்த ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம், கட்டு மாற்றும்போதெல்லாம் இவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஒரு வழியாகக் கரைத்தேன். அவர் ஒரு இரட்டை சிலிண்டர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கை வைக்காத மெக்கானிக் இல்லையாம். ஒரு சிலிண்டர் இழுக்கும், இன்னொன்று மூச்சுத் திணறும். “இதைச் சரி பண்ணிக் குடுத்துப்போட்டீங்கன்னா பண்ணையில இருக்கற வண்டி பூராவும் உங்க பொறுப்புங்க. மாசச் சம்பளமுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வாரேனுங்க” என்றார்.

அந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிறவை. கைப்பிடியைத் திருகினால் ஒரே ஒயர் டேங்குக்கு அடியில் இரண்டாகப் பிரிந்து இரண்டையும் இழுக்கும். இரண்டும் ஒரே அளவு இழுக்கிறதா என்று எஞ்சினை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு டேங்கைக் கழற்ற வேண்டும். டேங்கைக் கழற்றினால் பெட்ரோல் ஏது?

“பெரிய பட்டறையில அதுக்குன்னு சின்னதாத் தனி டேங்க் கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. நம்மகிட்ட எங்க இருக்குது?” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெய் டின்னைக் கழுவிக் கொடுத்தேன். ஓட்டை போட்டு ட்யூப் சொருகினார், ஒழுகியது. பிளாஸ்டிக் கேன் கொடுத்தேன். அடியில் ட்யூப் நிற்காது என்றார். நான் எதைக் கொண்டுவந்தாலும் மனுஷன் அதற்கு ஒரு நொட்டை வைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் டூட்டி முடிந்ததும், காலியான கண்ணாடி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை ஆயாவிடம் கெஞ்சி வாங்கி, ஏற்றுகிற ட்யூபோடு வீட்டுக்கு வந்தேன். “இதுக்கு என்ன சொல்றீங்கன்னு பாக்கறேன்” என்று அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்ரோலை ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தி, ட்யூபின் முனையில் இருக்கிற முள்ளை அதில் குத்தி, பாட்டிலைத் தலைகீழாகக் கூரைக் கம்பியில் கட்டினார். ட்யூபின் மறுமுனையை கார்புரேட்டருக்குப் போகிற குழாயில் சேர்த்தார். “பெட்ரோல் பட்டா இந்த ரப்பரு ஊறிரும், ட்யூப் வெறச்சுப் போயிரும். ரொம்ப நேரம் தாங்காது” என்றார். மோட்டார் சைக்கிளுக்கு குளுக்கோஸ் ஏறுகிற காட்சியை வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

இனிக் கரண்ட் போக வேண்டும். அவர் காதால் கேட்டு ட்யூன் செய்கிறவர். இரண்டு பக்கமும் தறி ஓடும்போது எந்த எஞ்சினின் எந்தச் சத்தத்தைக் கேட்பது? தினமும் மத்தியானத்தில் ஒரு தடவை போய்க்கொண்டிருந்த கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவே மாட்டேன் என்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பண்ணைக்காரர் வந்துவிடுவார். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். திடீரென்று தறிகள் ஓய்ந்தன. தொட்டிலில் மகள் வீறிட்டாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

உதைத்தார். வண்டி பிடித்தது. அழுகிற பிள்ளையோடு ஒற்றைக் கையை நெற்றியில் வைத்து நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது. மறுபடி உதைத்தார். மூச்சே இல்லை.

“அவ்வளவுதான் அம்மணி. இது ஆவாது” என்றார்.

கரண்ட் எந்த நிமிடமும் வந்துவிடும். ஒன்றும் ஓடாமல் பாட்டிலையே வெறித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பேஷண்ட் பக்கத்தில் நின்று பார்க்கிற பழக்கம்தான். பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழுகிற குப்பியில் சொட்டு நின்றிருந்தது. பாட்டில் நிறையப் பெட்ரோல் இருந்தது. காற்று உள்ளே போக வழியில்லாமல் இறங்காமல் நிற்கிறது. கண்ணாடி பாட்டில் என்றால் காற்றுக்கு ஒரு ஊசி குத்துவதுதான் நாங்கள் முதலில் செய்கிற காரியமே.

“காத்து ஊசி குத்தலீங்களே!” என்று அலறினேன்.

பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். அக்கம்பக்கத்தில் ஊசி போடுவதற்காக வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு பெரிய ஊசியையும் துண்டு ட்யூபையும் எடுத்து வந்து மூடியில் குத்தினேன். அதன் வழியாகப் பெட்ரோல் ஒழுகாமலிருக்க ட்யூபை மேலே வளைத்து பாட்டிலோடு கட்டினேன். உள்ளே குமிழி கிளம்பியது. சொட்டு விழுந்தது, அப்புறம் நூல் மாதிரி இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். அவர் பிள்ளையை அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படுகிறார் என்று நினைத்தேன்.

“என்ன பாக்கறீங்க? உதைங்க!” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

வண்டி ஓடியது. இந்தத் தடவை நிற்கவில்லை. அவர் எஞ்சின் பக்கம் குனிந்தார். அப்புறம் அவருக்கு நான் இருப்பதே தெரியவில்லை. இரண்டு சைலன்சர் வாயிலும் உள்ளங்கையை வைத்துப் புகையைத் தொட்டுப் பார்ப்பார். ஒயரில் ஒரு சுற்று, திருகாணியில் கால் சுற்று, மறுபடி கையை வைப்பார். தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு சத்தமும் ஒட்டி ஒரே சத்தமாகிவிட்டது, எனக்கே அது கேட்டது. அவர் முகத்தில் மில் மூடியதிலிருந்து நான் பார்க்காத ஒரு தெளிவு. அடுத்த நிமிடம் கரண்ட் வந்து தறிகள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன.

பண்ணைக்காரர் வந்தார். டேங்கை மாட்டிய வண்டியைத் திருப்பூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வாயெல்லாம் பல். “ஏனுங்க, இது நம்ம வண்டிதானுங்களா? திங்கக்கிழமையே பண்ணைக்கு வந்துருங்க” என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இவர் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து அவரிடம் காட்டினார். “இதுல ஒரு பொடி ஓட்டை இருக்குது பாருங்க. காத்து போறதுக்குங்க. இது அடைச்சுப்போட்டா பெட்ரோல் எறங்காது, வண்டி நின்னுரும். அப்பப்ப ஊதி உட்டுருங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வண்டி தெருமுனை திரும்பட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் கேட்டேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

“டேங்குக்குக் காத்து வேணும்னு தெரியுதல்லங்க? அப்பறம் பாட்டலுக்கு ஏனுங்க காத்து உடலே?”

அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார். “உட்டிருந்தா வண்டி ஓடியிருக்குமே அம்மணி.”

அப்படியே காதருகில் நின்று மேலும் சொன்னார். “பண்ணைக்குப் போனாலும் நர்ஸம்மா சொல்லி வாங்கிக் குடுத்த வேலைன்னுதான் பேரு. நானா தேடுனது அந்தக் குவைத்து ஒண்ணுதான். கல்லுத் தூக்கறதா இருந்தாலும்.”

ஓடாத வண்டியை ஓடாமல் விட அவரால் முடிந்தது. ஓட ஆரம்பித்த வண்டியைக் கெடுக்க அவருக்குக் கை வரவில்லை. நான்தான் ஊசியைக் குத்தி ஓட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேலா என்மேலா என்று எனக்கே பிடிபடவில்லை, அழுகை மட்டும் வந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். “பண்ணைக்கா?” என்றார். “உக்கடத்துக்குங்க” என்றேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மூன்று பேருமாக பஸ் ஏறினோம்.

அங்கே ஏஜெண்ட், “என்னங்க, போறீங்களா இல்லீங்களா?” என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போறாருங்க” என்று நான்தான் சொன்னேன்.