ஸ்பிரிட்டில் கரைந்த சாட்சி

"உங்க பெரிய டாக்டரு போயிட்டாருங்க. நேத்தே ஓசூர்ல அடக்கம் பண்ணிட்டாங்க" என்று பஸ் கண்டக்டர் சொன்னபோது, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். லேப்புக்குள் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. டாக்டர் தேவசகாயத்துடன் பதினோரு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தவன் நான். ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

ரத்தக்குழாய் என்றால் அவருக்குப் பைத்தியம் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். எந்தப் பிரேதப் பரிசோதனையானாலும் ஒரு துண்டு குழாய் என் மேஜைக்கு வந்துவிடும். "சுவத்துல இருக்கிற செல்லு ஒவ்வொண்ணும் சுத்தியிருக்கிற நீரை உறிஞ்சிக்கிட்டே இருக்குதுன்னு நினைக்கிறேன், மாணிக்கம். அதோட கொழுப்புத் துகளும் உள்ள போயிடுது. போதும்னு சொல்ல அதுக்குத் தெரியலை" என்பார். எத்தனை முறை கேட்டிருப்பேன்! "டீ ஆறுதுங்க டாக்டர்" என்று பேச்சை மாற்றுவேன்.

அணை வேலை தொடங்கிய வருடம், நாட்றாம்பாளையத்திலிருந்து கல் சுமக்க வந்த முனியப்பன் களி தின்ற கையோடு சுருண்டு விழுந்து செத்தான். நாற்பது வயதுகூட இல்லை. மனைவி மாதம்மா விஷம் வைத்தாள் என்று அவன் தம்பிகள் புகார் கொடுத்தார்கள். அவளை ஜெயிலில் வைத்தார்கள். இதயக் குழாய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "களி திங்கிற கூலிக்காரனுக்கு ஏதுங்க கொழுப்பு?"

கொழுப்பைக் காட்ட வேண்டுமானால் துண்டை உறையவைத்துச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும். உறையவைக்கும் காஸ் பெங்களூரிலிருந்து வந்து சேரவில்லை. "வர்ற வரைக்கும் ஃபார்மலின்லயே கெடக்கட்டும்" என்றார். அன்று மேஜையில் இருபது துண்டுகள், எனக்குக் காய்ச்சல் வேறு. வழக்கம்போல, முனியப்பனின் துண்டையும் மற்றவற்றோடு சேர்த்து ஸ்பிரிட்டில் போட்டுவிட்டேன். ஃபார்மலினில் கரையாத கொழுப்பு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் செல்லெல்லாம் நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தன.

டாக்டர் திட்டவில்லை. "ஏதோ இருந்ததாலதான ஓட்டை" என்றார்.

கோர்ட்டில் அது எடுபடவில்லை. "கொழுப்பு எங்கே?" என்றார் அரசு வக்கீல்.

"கரைஞ்சிடுச்சு."

"யார் கரைத்தது?"

"நான்தான். என் கவனக்குறைவு" என்றார் டாக்டர்.

பின்வரிசையில் இருந்த நான் எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும், "எனக்குத் திட்டோட போயிடும். உங்களுக்கு வேலையே போயிடும்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

விஷம் இல்லை என்று, குடலைச் சோதித்த சென்னை லேபிலிருந்து அறிக்கை வர மேலும் நான்கு மாதம் ஆயிற்று. மாதம்மா வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். டாக்டர் பக்கம் திரும்பி, "உன்னாலதானய்யா நாலு மாசம் கெடந்தேன்" என்றாள். அவர் தலையாட்டினார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

இந்த வாரம் துக்கம் கேட்க வந்தவர்களும், "நல்ல மனுசன், அந்த ஒரு கேஸ்லதான் கெடுத்துட்டாரு" என்கிறார்கள். கெடுத்தது நான். நாட்றாம்பாளையம் பக்கம் போகிறவர்கள் யாராவது மாதம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். டாக்டரின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் சுமந்த அந்தப் பழி மட்டும் இனி என்னிடம் இருக்கட்டும்.