அப்பாவின் பெயரைத் தேடிய நாள்

அப்பா நெஞ்சுவலிக் குளிசைகளைச் சவர பிளேட்டால் பாதியாக வெட்டிச் சாப்பிடுகிறார் என்பதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். முகம் கழுவும் இடத்தில் வெள்ளைத் தூள் சிந்திக் கிடந்தது.

"டொக்டர் முழுக் குளிசை எல்லோ போடச் சொன்னவர்?"

"பாதியும் வேலை செய்யுது பிள்ளை. நீ கந்தோருக்கு வெளிக்கிடு."

அம்மா இல்லாத வீடு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் இரண்டு அறைகளில் நாங்கள் இருவரும் இருந்தோம். அப்பா மருதானை ரயில் நிலையத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பென்சனும் கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் தட்டச்சாளராக நான் வாங்கிய சம்பளமும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதும். மருந்துக்குப் போதாது.

அந்த மாதம் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவர் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் மேடை போட்டுப் பேசினார். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் யன்னலுக்குள் வந்தது. அறுபது வயது தாண்டியவர்கள் இனி மருந்துக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை, மாதாமாதம் வீட்டுக்கே வரும் என்றார். சிங்களத்தில் சொன்னதை இன்னொருவர் தமிழிலும் சொன்னார். மறுவாரம் இரண்டு பேர் படிவங்களோடு படியேறி வந்தார்கள். பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை இலக்கம், நோய். அப்பா மரியாதையாகப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏனப்பா? சும்மாதானே தரப்போகினம்."

"லிஸ்டிலை என்ரை பேர் வேண்டாம்."

காரணம் எனக்குத் தெரியும். எண்பத்து மூன்றில், தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கலவரத்தின்போது, நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். எங்கள் கேற்றுக்கு முன்னால் நின்ற கும்பலில் ஒருவன் கையிலிருந்த தாளைப் பார்த்து அப்பாவின் பெயரை உரக்க வாசித்தான். பக்கத்து முஸ்லிம் குடும்பத்தின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அதைக் கேட்டபோது எனக்குப் பத்து வயது.

ஆனாலும் அந்த வெள்ளைத் தூள் என்னை விடவில்லை. கீழ்வீட்டில் அவர்கள் கூடுதலாக விட்டுப்போன படிவம் ஒன்றை வாங்கி, கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் நிரப்பி, வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் இருந்த வேட்பாளரின் அலுவலகத்தில் கொடுத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

வேட்பாளர் வென்றார். இரண்டு மாதம் போயிற்று. மருந்து வரவில்லை. நகரத்தில் குண்டு வெடித்தது. அடுத்த நாள் விடியற்காலை பொலிஸார் எங்கள் ஒழுங்கையை மறித்தார்கள். எங்கள் வாசலில் நின்ற அதிகாரி கையில் இருந்த தாளைப் பார்த்து அப்பாவின் முழுப்பெயரை வாசித்தான்.

"வயது எழுபத்தொன்று. சரியா?"

அப்பாவின் விரல்கள் கதவு நிலையைப் பிடித்திருந்தன. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், மருந்துப் பைக்குள் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா கதிரையில் உட்கார்ந்தார்.

"இஞ்சை குடிவரேக்கை நாங்கள் குடுத்த பொலிஸ் பதிவிலை என்ரை பேர் பிழையாத்தான் கிடக்கு. நான் எத்தினை தரம் சொல்லியும் அவங்கள் திருத்தேல்லை. இவன் சரியா வாசிச்சான். எங்கையிருந்து எடுத்தவன்?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அப்பா, அந்த மருந்துப் படிவம்... நான் நிரப்பிக் குடுத்தனான்."

அவர் ஏசவில்லை. "எங்கை குடுத்தனீ?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

அன்று மாலை வேலை முடிந்து வந்தபோது கதவு பூட்டிக் கிடந்தது. கீழ்வீட்டுச் சிங்கள அம்மா, அப்பா காலையிலேயே அந்த அலுவலகத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போனதாகச் சொன்னார். காலி வீதி முழுக்க ஆமி. ஓடினால் நிறுத்துவார்கள் என்று ஓடாமல் நடந்தேன். ஒவ்வொரு கடை வாசலிலும் அவர் விழுந்து கிடப்பதுபோலத் தோன்றியது.

அலுவலகத்தில் காவல்காரன் மட்டும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் கையைக் காட்டினான். அங்கே ஒரு மரப்பெட்டியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. சுற்றிலும் சாக்குகள். வாசித்து முடித்த படிவங்களை விளிம்பு பிசகாமல் அடுக்கி வைத்திருந்தார்.

"ஒருத்தரும் இதைத் திறந்தே பார்க்கேல்லை பிள்ளை. கட்டின கட்டோடை கிடந்தது. நான்தான் அவிழ்த்தனான். புதன்கிழமை பழைய பேப்பர்க்காரன் வந்து எடுக்கப் போறானாம்."

அப்படியானால் பொலிஸாரின் தாள் வேறெங்கோ இருந்து வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"விடுங்கோ அப்பா. வாங்கோ போவம்."

"என்ரை பேரை எடுக்காமல் வரமாட்டன்."

நானும் தரையில் உட்கார்ந்தேன். சீனி வருத்தம், பிரஷர், கண்ணில் பூ, மூட்டு நோ. நடுங்கும் கையெழுத்துகள், பேரப்பிள்ளைகளின் உருண்டை எழுத்துகள், பெருவிரல் அடையாளங்கள். ஒரு சிங்களப் படிவத்தின் பின்பக்கத்தை அப்பா எனக்குத் தமிழில் சொன்னார்: "ஐயா, வீட்டுக்குக் கொண்டுவாறது கரைச்சல் எண்டால் நானே வந்து எடுக்கிறன். எனக்கு நடக்க ஏலும்." எழுதியவருக்கு எண்பத்திரண்டு வயது. அதை அவர் மெதுவாகக் கீழே வைத்தார்.

நாலாவது சாக்கில் என் கையெழுத்து இருந்தது. அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகும்போது காவல்காரனிடம், "பேர் கிடக்கிற தாள். விக்காதை தம்பி, எரிச்சுவிடு" என்று சிங்களத்தில் கெஞ்சினார். அவன் தோளைக் குலுக்கினான்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் அந்தத் தாளை எடுத்து விரித்தான். துப்பாக்கி முழங்கையில் தொங்க, ஒவ்வொரு வரியாக வாசித்தான். அப்பாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"மருந்து கிடைத்ததா, தாத்தே?" என்று சிங்களத்தில், தன் தகப்பனை அழைப்பதுபோலக் கேட்டான்.

"இல்லை, மகனே."

அவன் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்து, போகச் சொன்னான்.

வீட்டுப் படியில் பாதியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். கட்டிலும் டொக்டரும் இலவசம். பாதி மருந்து அங்கே இல்லை, சீட்டு எழுதி வெளியில் வாங்கச் சொன்னார்கள். அம்மாவின் காப்பை விற்றேன். நாலாம் நாள் அப்பா கண்ணை நன்றாகத் திறந்தபோது, "நான் செய்தது பிழை அப்பா" என்றேன்.

"நீ எனக்காகத்தானே செய்தனீ," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.