இடப்பக்கக் கதவு

கோதண்டம் காரின் கைப்பிடியை இழுத்தார். கதவு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். கண்ணாடிக்குள், ஜன்னல் ஓரத்தில், கறுப்புப் பூட்டுக் குமிழ் கீழே இறங்கியிருந்தது. அதை அவர் அமுக்கவில்லை.

ரமாபாய் உள்ளே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வலது கை குறுக்கே நீண்டு, அதன் விரல் இன்னும் குமிழின் மேல் இருந்தது. மடியில் ஆஸ்பத்திரிப் பை. போர்வை, பிஸ்கட் பாக்கெட், ரிப்போர்ட்டுகள்.

கோதண்டம் கண்ணாடியைத் தட்டினார். "லாக்க எடு ரமா."

அவள் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற செக்யூரிட்டி வந்தான். "இன்னா பெருசு, சாவி உள்ள மாட்டிகிச்சா?"

"சாவி இல்ல. வூட்டுக்காரம்மா."

அவன் குனிந்து உள்ளே பார்த்தான். "சண்டைய வூட்டோட முடிச்சிகினு வரக்கூடாதா? ஆம்புலன்ஸ் நிக்கிற எடம்பா இது. சீக்கிரம்."

அந்தக் கதவை வெளியிலிருந்து சாவியால் திறக்க முடியாது. உப்புக்காற்றில் சாவித்துவாரம் செத்து வருஷங்கள் ஆகின்றன. சுற்றிப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து, அவளைத் தாண்டிக் கையை நீட்டிக் குமிழைத் தூக்க வேண்டும். அவருக்கு அது பழகிய வேலைதான்.

கோதண்டம் மணலியில் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருஷம் ஆபீசர் கார் ஓட்டினார். கடைசிப் பத்து வருஷம் ஓட்டியதெல்லாம் பட்டன் வைத்த கார்கள். தன் பக்கத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் நான்கு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொள்ளும். பின்னால் ஆபீசர் தூங்கிவிட்டால், அவர் பக்கத்துக் கண்ணாடியை முன்னாலிருந்தே ஏற்றிவிடலாம். ரிட்டையர் ஆன பிறகு வாங்கிய சொந்த வண்டி தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாடல். அதில் எல்லாம் கை வேலை. கண்ணாடிக்கு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். பூட்ட நான்கு கதவுக்கும் போய் நான்கு குமிழை அமுக்க வேண்டும். ஏசி கிடையாது.

எர்ணாவூரிலிருந்து ராயபுரம் வரை வழியெல்லாம் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள். கண்ணாடியை ஏற்றினால் வேகும். இறக்கினால் புழுதி. ஏற்றுவதும் இறக்குவதுமாகவே போக வேண்டிய ரோடு. நான்கு வருஷத்துக்கு முன் ரமாபாயின் சிறுநீரகங்கள் நின்றுபோனபோது, அவளுடைய இடது மணிக்கட்டில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்தார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அதில்தான் ஊசி. செவ்வாய், வியாழன், சனி. நர்ஸ் ஃபரா சட்டங்களைச் சொன்னாள். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். பை தூக்காதீர்கள். அதன்மேல் படுக்காதீர்கள்.

"கார் கண்ணாடி ஹேண்டில் சுத்தலாமா சிஸ்டர்? ரொம்ப டைட்டா கீது," என்று கோதண்டம் கேட்டார்.

"பட்டன் இல்லையா தாத்தா?"

"இல்ல."

"அப்ப பாட்டிக்கு நீங்களே சுத்துங்க."

அவர் சுற்றினார். இடப்பக்க ஜன்னல், அவளுக்கு இடது கையால்தான் சுற்ற வரும். சிக்னலில் வண்டி நின்றதும், அவள் மடிக்கு மேல் சாய்ந்து ஹேண்டிலைப் பிடிப்பார். பக்கத்து ஷேர் ஆட்டோவில் பெண்கள் சிரிப்பார்கள். "நடு ரோட்டுல இன்னாய்யா இது, புதுசா கண்ணாலம் கட்டினவனாட்டம்," என்பாள் ரமாபாய். கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டாள். டிரெய்லர் வருவதைப் பார்த்ததும் தானாக முதுகை இருக்கையோடு ஒட்டி அவருக்கு இடம் விடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவளுக்கு வாந்தி வந்தது. டோல்கேட் சிக்னலில் வண்டி முழுதாக நிற்கும் முன்பே கதவைத் திறந்து காலை வெளியே வைத்துவிட்டாள். இடப்பக்கம் நுழைந்த பைக் ஒன்று அவள் முழங்காலை உரசிக்கொண்டு போனது. ஒரு கை தூரம் தள்ளி டிரெய்லர் சக்கரம். அடுத்த மாதம் அந்தக் கதவின் உள் கைப்பிடி தானாகவே உடைந்தது. தண்டையார்பேட்டை மெக்கானிக் மஜீது பார்த்துவிட்டு, "பத்து நிமிஷ வேல மாமு. ஒரு கிளிப்தான்," என்றான். கோதண்டம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதன் பிறகு ரமாபாய் தானாக இறங்கியதில்லை. கண்ணாடியை இறக்கி, வெளியே கை விட்டு, வெளிக் கைப்பிடியால் திறக்கலாம். அதற்கும் இடது கைதான் வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் சுற்றி வந்து திறந்துவிட்டார். "இன்னா கோதண்டம், ரிட்டையர் ஆனாலும் டூட்டி வுடலையா? மேடம் இறங்கறாங்க, சலாம் போடு," என்று எதிர்வீட்டு குணசேகரன் மாடியிலிருந்து கத்துவான். ரமாபாய் ஆபீசர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு படியேறுவாள்.

காலையில் எழுந்ததும் அவள் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். உள்ளே சுர்ரென்று ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்து நிறுத்தியிருக்கிற வண்டியின் பானட்டைத் தொட்ட மாதிரி இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அது இல்லை. விரலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். திங்கள்கிழமை ஸ்கேனில் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கையில் நரம்பு போதாது. செவ்வாய்க்கிழமை வாருங்கள், கழுத்தில் குழாய் போட்டுவிடலாம் என்றார்கள்.

முதல் முறையும் அவளுக்குக் கழுத்தில்தான் போட்டார்கள். இரண்டு மாதம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது, திரும்பிப் படுக்க முடியாது. இரண்டு முறை சீழ் பிடித்து, குளிர் ஜுரத்தில் கட்டில் ஆடியது. திங்கள் இரவு சாப்பிடும்போது, "கழுத்துல வேணாம்," என்றாள். "பாக்கலாம்," என்று கோதண்டம் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

இப்போது அவர் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இடப்பக்கம் சாய்ந்து கையை நீட்டினார். ரமாபாய் முதுகை ஒட்டி இடம் விடவில்லை. குமிழை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"தொறக்காதய்யா."

"டாக்டர் காத்துகினு கீறாரு."

"நாலு வருஷம் வந்தேன். ஒரு நாளாவது வேணாம்னு சொன்னேனா?"

"இல்ல."

"இப்ப சொல்றேன்."

"இத்த வுட்டா இன்னா ஆவும்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒன்னவிட எனக்குத் தெரியும். பக்கத்து பெட்டு அம்மா நிறுத்துச்சே. பதினோரு நாள் இருந்துச்சு."

கோதண்டத்தின் கை நீட்டியபடியே இருந்தது.

"மகிழினிக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார் பிறகு.

"எம் பொண்ணு. நான் சொல்லிக்கிறேன்." அவள் அப்போதுதான் அவரைப் பார்த்தாள். "இந்தக் கதவ நீ வோணும்னுதான ரிப்பேர் பண்ணாம வெச்சிருக்க? மஜீது எங்கிட்ட சொல்லிட்டான். பத்து நிமிஷ வேலையாம்."

"அன்னிக்கு லாரிக்குள்ள போயிருப்ப."

"அன்னிக்கு செரி. நானும் ஒண்ணும் கேக்கலையே."

அவர் தன் கையை அவள் கை மேல் வைத்தார். ஆபீசர் காராக இருந்தால் தன் பக்கத்துப் பட்டனை அமுக்கியிருப்பார். வார்டு பாய் வந்து கதவைத் திறந்திருப்பான். அவளைத் தொட வேண்டியிருக்காது. இங்கே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் குமிழ் வரும். அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. இப்போது அவள் எடை நாற்பத்திரண்டு கிலோ. சுண்டு விரலைப் பிரித்தார். அடுத்த விரலையும் பிரித்தார். அவள் தடுக்கவில்லை. பிரித்த விரல்கள் திரும்பப் போய்க் குமிழின் மேல் உட்கார்ந்தன.

பின்னால் ஆம்புலன்ஸ் அலறியது. செக்யூரிட்டி பானட்டில் தட்டினான். "யோவ், எடுய்யா!"

கோதண்டம் கையை எடுத்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

கேட்டைத் தாண்டி நிறுத்தலாம், நிறுத்திப் பேசலாம் என்றுதான் அவர் நினைத்தார். கேட்டுக்கு வெளியே மீன் வண்டிகள். நிறுத்த இடமில்லை. அடுத்த திருப்பத்திலும் இல்லை. அதற்கு அடுத்த திருப்பத்தில் இடம் இருந்தது. அங்கே அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

திரும்பும்போது கடல் அவர் பக்கம். அவள் பக்கம் கன்டெய்னர் யார்டுகள், சுவர்கள், பஞ்சர் கடைகள். கண்ணாடி ஏற்றியிருந்தது. தண்டையார்பேட்டை தாண்டியதும் உள்ளே வெயில் தாங்கவில்லை. ரமாபாய் பையை எடுத்துக் கால் அருகே வைத்தாள். இடது கையால் ஹேண்டிலைப் பிடித்தாள்.

வேணாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

"இனிமே இது சும்மா கைதான," என்றாள்.

ஒரு சுற்று வந்தது. நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடி சுற்றினாள். பாதியில் இறுகியதும் தோளைச் சாய்த்து அழுத்தினாள். கடைசி வரை கண்ணாடி இறங்கியது. எதிரே வரிசையாக டிரெய்லர்கள் வந்தன. புழுதி உள்ளே அடித்தது. அவள் முகத்திலும் புருவத்திலும் ஒட்டியது. மணலிப் பக்கத்து ஆலை நாற்றமும் வந்தது. அவள் ஜன்னலில் முழங்கையை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டோல்கேட்டில் சிவப்பு விழுந்தது. கோதண்டம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அவர் இறங்கிச் சுற்றி வருவதற்குள், ரமாபாய் குமிழைத் தூக்கி, ஜன்னல் வழியாக இடது கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்திருந்தாள். மாடியில் குணசேகரன் இல்லை.

அடுத்த நாள் புதன்கிழமை. ஆஸ்பத்திரி நாள் இல்லை. ரமாபாய் ஒரு முழு டம்ளர் டீ குடித்தாள், அதன் பிறகு ஒரு சொம்பு தண்ணீர். இத்தனை நாள் அவளுக்கான தண்ணீரைக் கோதண்டம் காலையில் அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பார். அன்று ஊற்றவில்லை. பத்து மணிக்கு ஃபரா போன் செய்தாள். நாளைக்காவது வருவீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். பாட்டியிடம் கொடுங்கள் என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பதினொரு மணிக்கு மஜீது வந்து இடப்பக்கக் கதவின் உள்பலகையைக் கழற்றினான். திருகுகள் துருப்பிடித்திருந்ததால் முக்கால் மணி நேரம் ஆனது. கிளிப்பை மாட்டி, உள்ளே உட்கார்ந்து ஐந்து முறை திறந்து மூடிக் காட்டினான். மதியம் சேலத்திலிருந்து மகிழினி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அரிசி களைந்து உலை வைத்தாள். சாயங்காலம் ரமாபாயின் பாதங்கள் கொஞ்சம் வீங்கியிருந்தன. மூச்சு சரியாக இருந்தது. எட்டு மணிக்குக் கோதண்டம் கீழே போய் வண்டியின் நான்கு குமிழ்களையும் அமுக்கிப் பூட்டிவிட்டு மேலே வந்தார்.