பசியில்லாத வாய்

குடிநீர் அலுவலகத்தின் புகார் பிரிவில் அவளுக்கு 'கேன்டீன் அக்கா' என்று பெயர். வைத்தவர்கள் பக்கத்து மேசைப் பெண்கள். மேல் டிராயரில் பேனா, ரப்பர் ஸ்டாம்பு, தலைவலித் தைலம் என்று எல்லோரிடமும் இருப்பதுதான். கீழ் டிராயரைத் திறந்தால் பிஸ்கட், வறுத்த கடலை, சிப்ஸ், ரஸ்க். யாருக்காவது நாக்கு நமநமத்தால் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவளிடம் வருவார்கள். அவளும் கை நிறைய அள்ளிக் கொடுப்பாள். கொடுக்கிற சாக்கில் தன் வாயிலும் போட்டுக்கொள்வாள்.

"என்ன வேலை பாக்குற?" என்று யாராவது கேட்டால், "திட்டு வாங்குற வேலை" என்பாள். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராதவர், சேறாக வருகிறவர், தெருக்குழாய் உடைந்து வாசல் குளமாகிப் போனவர், எல்லோரும் போன் போட்டு அவள் காதில்தான் கொட்டுவார்கள். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. "உங்க புகாரைப் பதிவு பண்ணியாச்சுங்க" என்று குரல் உயராமல் சொல்லிப் போனை வைத்துவிட வேண்டும். வைத்த கை அப்படியே டிராயருக்குப் போய்விடும். சொல்ல வந்ததையெல்லாம் கடலையோடு சேர்த்து மென்று விழுங்கிவிடுவாள். வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு வந்தவள்தான். பசி என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

அந்தக் கோடையில் தண்ணீர் வற்ற வற்ற அழைப்புகள் பெருகின. ஒன்றை வைப்பதற்குள் அடுத்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். எதிர்முனைக்காரர் திட்டும்போதே மியூட் பட்டனை அழுத்திவிட்டு மெல்லுவது. ஒருநாள் அழுத்த மறந்துபோனாள்.

பேசியவர் ஒரு பெரியவர். கோபப்படாமல் தன் தெருவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களாம்மா?"

அவள் வாய் நிறைய ரஸ்க்.

"பரவால்ல, மெதுவா சாப்பிட்டு முடிங்க. சாப்பிடக்கூட நேரம் குடுக்க மாட்டாங்க போல, பாவம். நான் லைன்லயே இருக்கேன்."

சொன்னபடியே காத்திருந்தார். அவர் வீட்டு மின்விசிறி கடகடப்பதும், யாரோ காலி பக்கெட்டை நகர்த்துவதும் அவளுக்குக் கேட்டது. கையிலிருந்த மீதி ரஸ்க்கை டிராயரில் போட்டு மூடினாள். திட்டியிருந்தால் இன்னொன்றை எடுத்துக் கடித்துவிட்டுப் போயிருப்பாள். மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிய ஈரம்கூடக் காயாதவளைப் பட்டினி கிடக்கிறாள் என்று ஒரு மனிதர் நம்பிவிட்டார். அதுதான் சுட்டது.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் புருஷனிடம் அன்று சாயங்காலம் சொன்னாள். சிரிக்க ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"டிராயரைக் காலி பண்ணிடு. முடிஞ்சது கதை."

காலி செய்தாள். கதை முடியவில்லை. ஒவ்வொரு திட்டுக்குப் பிறகும் கை டிராயரை இழுத்தது, ஒன்றுமில்லாததைத் துழாவியது, மூடியது, மறுபடி இழுத்தது. பேனா மூடியைக் கடித்துக் கடித்துச் சப்பையாக்கினாள். பபிள்கம் மென்றாள், தாடைதான் வலித்தது. தண்ணீராகக் குடித்துப் பார்த்தாள், கழிவறைக்கு நடந்து மாளவில்லை. கடைசியில் பக்கத்து மேசையிடம், "பையில ஏதாச்சும் வெச்சிருக்கியாடி?" என்று கை நீட்டினாள். "கேன்டீனுக்கே பஞ்சமா அக்கா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

வீட்டில் இன்னும் மோசம். ஃபிரிட்ஜைத் திறந்து அதன் குளிரில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். மூடுவாள். ஹாலுக்குப் போய் உட்காருவதற்குள் திரும்பி வருவாள்.

"பசிக்குதா?" என்றான் அவன்.

"இல்ல."

"அப்புறம் என்னத்தைத் தேடுற?"

"அது தெரிஞ்சா எடுத்துக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தாள்.

பிறகு ஒருநாள் ஓர் ஆள் அவளைப் போனில் பிடித்துக்கொண்டான். மூச்சு விடாமல் திட்டியவன் கடைசியில், "உன் வீட்டுல தண்ணி நின்னாத்தான் உனக்கு உறைக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தான். அவள் வீட்டிலும் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. டிராயரை இழுத்தாள், அறைந்து மூடினாள். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியிறங்கி அலுவலகத்தின் பின்பக்கம் போனாள். அங்கே இரும்புக் குழாய்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னாள்.

"எங்க வீட்லயும் வரலைய்யா. நானும் விடிஞ்சா பக்கெட்டைத் தூக்கிட்டுத்தான் நிக்கிறேன். உனக்கு மட்டும்தான் வாய் இருக்கா?"

குழாய்களுக்கு அந்தப் பக்கம் வால்வுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். "என்னையாம்மா சொல்றீங்க?"

"இல்லண்ணே. உங்களை இல்ல."

"அப்பச் சரி. சொல்லுங்க." அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம் சொன்னாள். மேலே வந்து அடுத்த அழைப்பை எடுத்து, அதையும் வைத்த பிறகுதான் டிராயரின் நினைப்பே வரவில்லை என்பது உறைத்தது.

அதன்பின் பெரிய திட்டு விழும்போதெல்லாம் எழுந்து போனாள். சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார்.

"நீங்க பாட்டுக்கு எழுந்து போனா போனை யாரு எடுக்கிறது?"

"டீ குடிக்க எல்லாரும் போறாங்க சார். நான் டீ குடிக்கிறதில்ல. அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கிறேன்."

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் வந்துடுங்க" என்றார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் பின்பக்கம் சேறாகிப் போக வழியில்லாமல், எதிர்க்கடையில் சிப்ஸ் வாங்கி, நனைந்தபடியே மொத்தத்தையும் தின்றுவிட்டு உப்பு விரல்களோடு திரும்பினாள். இன்னொரு நாள் குழாய்களிடம் பேசியும் ஆறாமல் பிஸ்கட்டைத் தேடினாள். உடம்பு ஒன்றும் இளைத்துவிடவில்லை. பக்கத்து மேசைப் பெண்கள் கேன்டீனை மூடிவிட்டாள் என்று கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பைக் கண்ட இடத்தில் போட்டதற்குப் புருஷனிடம் சண்டை பிடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். அன்றைக்கு யாரும் அப்படியொன்றும் திட்டவுமில்லை. பிறகு ஏன் இந்தப் படபடப்பு என்று ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவளுக்கு வயிறு ஒரு தடவை உறுமிய பிறகுதான் விளங்கியது. அந்த உறுமலைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

"ஏங்க," என்றாள், ஊர்ச் செய்தி சொல்கிறவள் போல. "எனக்குப் பசிக்குது."

அவன் அடுப்பைப் பற்றவைத்து முட்டைகளை உடைத்து ஊற்றினான். "உக்காரு, ஆயிடும்" என்றான். அவளால் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் நின்று, "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.